கூடம் கோணல்தான்

2020 ஆகஸ்ட் 11 அன்று சிட்டி வங்கி செய்ய வேண்டியிருந்தது எளிய வேலை. ரெவ்லான் என்ற அழகுசாதன நிறுவனத்துக்குக் கடன் தந்திருந்தவர்களுக்கு வட்டியாகச் சுமார் 78 லட்சம் டாலரை அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். வங்கியை விட்டு வெளியேறிய தொகையோ ஏறத்தாழ 90 கோடி டாலர். வட்டியோடு அசல் முழுவதும் போய்விட்டது. அசலாகப் போனது ரெவ்லானின் பணமும் அல்ல, வங்கியின் சொந்தப் பணம்.

இதை ஒருவர் மட்டும் செய்யவில்லை. விவரங்களைப் பதிந்தவர், சரிபார்த்தவர், இறுதி ஒப்புதல் தந்தவர் என மூன்று பேர். முதல் இருவர் இந்தியாவிலிருந்து வேலை பார்த்த ஒப்பந்த நிறுவன ஊழியர்கள், மூன்றாமவர் அமெரிக்காவில் இருந்த வங்கியின் மூத்த அதிகாரி. ஆறு கண்கள் பார்த்தும் தவறு பிடிபடவில்லை. வழக்கு நியூயார்க் நீதிமன்றத்துக்குப் போனபோது நீதிபதி ஜெஸ்ஸி ஃபர்மன் அவர்கள் பயன்படுத்திய மென்பொருள் திரையின் படத்தையே தன் தீர்ப்பில் சேர்த்தார். பார்த்தவர்களுக்குக் காரணம் விளங்கியது. அசல் வெளியே போகாமல் வங்கியின் உள்கணக்கிலேயே நிற்க வேண்டுமானால் ‘பிரின்சிபல்’ என்ற கட்டத்தில் குறியிட்டால் போதாது; ‘ஃப்ரன்ட்’, ‘ஃபண்ட்’ என்ற இன்னும் இரண்டு கட்டங்களிலும் குறியிட வேண்டும். அசலை நிறுத்த ‘அசல்’ என்ற கட்டம் போதும் என்று மூவருமே நம்பினார்கள். தமிழோ ஆங்கிலமோ படிக்கத் தெரிந்த யாரும் அப்படித்தான் நம்பியிருப்பார்கள்.

எச்சரிக்கையும் வந்தது. பணம் வங்கியை விட்டு வெளியே போகிறது, தொடரலாமா என்று திரை கேட்டது. எவ்வளவு பணம் என்று சொல்லவில்லை. வட்டி எப்படியும் வெளியே போகத்தான் வேண்டும் என்பதால், போவது வட்டியா அசலா என்பதை அந்தக் கேள்வியால் பிரித்துக் காட்ட முடியவில்லை. கடன் தந்தவர்களில் பலர் சுமார் 50 கோடி டாலரைத் திருப்பித் தர மறுத்தார்கள். 2021 பிப்ரவரியில் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்து, 2022 செப்டம்பரில் மேல்முறையீட்டில்தான் அது மாறியது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று பழமொழி சொல்லி நகைப்பது நம் ஊர் வழக்கம். திரைக்கு முன்னால் தடுமாறுகிறவர்களுக்கும் இந்தப் பழியே வந்து சேர்கிறது. ‘சரியாகப் படிக்கவில்லை’, ‘அவசரப்பட்டுவிட்டார்’, ‘கவனக்குறைவு’ என்று எழுதிக் கோப்பை மூடிவிடுகிறார்கள். ஆனால் மனிதரும் இயந்திரமும் சந்திக்கும் இடத்தைக் கடந்த எண்பது ஆண்டுகளாக ஆராய்ந்தவர்கள் ஆடியவளை விட்டுவிட்டுக் கூடத்தை அளந்து பார்த்தார்கள். பல சமயம் கோணல் அங்கேதான் இருந்தது. ஊடாட்ட வடிவமைப்பு என்று இன்று அழைக்கப்படும் துறையின் வரலாறு பெரும்பாலும் இந்த அளவெடுப்பின் வரலாறுதான்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க விமானப்படையை ஒரு விசித்திரம் குடைந்துகொண்டிருந்தது. பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கி, ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே சக்கரங்கள் மடங்கி வயிற்றால் தரையில் மோதின. ‘விமானியின் தவறு’ என்று பதிவானது. 1943 வாக்கில் இதை ஆராய்ந்தவர் அல்ஃபான்ஸ் சப்பானிஸ் என்ற இளம் உளவியலாளர். விமானியின் அறைக்குள் அவர் கண்டது இதுதான்: இறக்கையின் மடல்களை இயக்கும் விசையும் சக்கரங்களை இயக்கும் விசையும் ஒரே வடிவில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. தரையிறங்கியதும் மடல்களை மடக்க நினைத்த களைத்த விமானி சக்கரங்களை மடக்கிவிடுகிறார். வேறு வகை அமைப்பு கொண்ட சி-47 விமானங்களில் இந்த விபத்து இல்லை. விமானிகள் எல்லோரும் ஒரே மாதிரி மனிதர்கள்தான், விமானம்தான் வேறு.

சப்பானிஸ் சொன்ன தீர்வு மலிவானது. சக்கர விசையின் முனையில் ஒரு சிறு ரப்பர் சக்கரம், மடல் விசையின் முனையில் ஆப்பு வடிவத் துண்டு. இருட்டிலும் கை தடவிக் கண்டுகொள்ளும். இன்று பறக்கும் பயணிகள் விமானங்களிலும் சக்கர நெம்புகோலின் முனை சக்கரம் போலவே இருக்கிறது. போர் முடிந்த பிறகு 1947இல் பால் ஃபிட்ஸும் ரிச்சர்ட் ஜோன்ஸும் ‘விமானியின் தவறு’ என்று சொல்லப்பட்ட 460 சம்பவங்களை எடுத்து அலசினார்கள். ஒன்றைத் தொட நினைத்து இன்னொன்றைத் தொட்டுவிடும் பிழையே அவற்றில் அதிகம். அதைப் பயிற்சியால் அல்ல, கருவியை மாற்றித்தான் ஒழிக்க முடியும் என்பது அவர்கள் கண்ட முடிவு.

கணினிக்கு இந்தப் பாடம் வந்து சேரக் கால் நூற்றாண்டு ஆனது. டக்ளஸ் எங்கல்பார்ட் 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடத்திக்காட்டிய செயல்விளக்கம் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். மவுஸ், சொல்லைத் தொட்டால் வேறு பக்கத்துக்குத் தாவும் இணைப்பு, தொலைவில் இருப்பவரோடு முகம் பார்த்து ஒரே ஆவணத்தில் வேலை செய்வது எல்லாம் அந்த ஒன்றரை மணி நேரத்தில் மேடையேறின. அவ்வளவு பேசப்படாத பக்கமும் ஒன்று உண்டு. எங்கல்பார்ட்டின் அமைப்பைக் கற்பது கடினம். வலக்கையில் மவுஸ், இடக்கையில் ஐந்து கட்டைகள் கொண்ட ஒரு சிறு பலகை. கட்டைகளைச் சேர்த்துச் சேர்த்து அழுத்தினால் எழுத்து வரும். மனிதர் முயன்று கற்றுத் தன் திறனை உயர்த்திக்கொள்ள வேண்டும் என்பது அவர் கொள்கை. உயர்ந்த கொள்கைதான். ஆனால் சுமை கற்பவர் தலையில் இருந்தது.

அதை இறக்கிவைக்க முனைந்தவர்களில் லாரி டெஸ்லர் முக்கியமானவர். 1970களில் கலிஃபோர்னியாவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் அவர் வேலை பார்த்தபோது அங்கே பிராவோ என்ற சொற்செயலி இருந்தது. திரையில் தெரிவதே அச்சிலும் வரும் என்ற வகையில் அது ஒரு சாதனை. ஆனால் அதற்குள் ‘நிலை’கள் இருந்தன: கட்டளை நிலையில் இருந்தால் ஒவ்வொரு எழுத்தும் ஒரு கட்டளை, எழுதும் நிலையில் இருந்தால் அது வெறும் எழுத்து. எழுதும் நிலையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு ஒருவர் ‘எடிட்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டினால் என்ன ஆகும்? ‘ஈ’ ஆவணம் முழுவதையும் தேர்ந்தெடுக்கும், ‘டி’ அதை அழிக்கும், ‘ஐ’ எழுதும் நிலைக்கு மாற்றும், கடைசி ‘டி’ எழுத்தாகத் திரையில் விழும். பகலெல்லாம் எழுதியது போய் ஒற்றை எழுத்து மிஞ்சும். விரல் எந்தத் தவறும் செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நான்கு எழுத்துகளும் பிழையின்றித் தட்டப்பட்டவை.

டெஸ்லர் செய்த சோதனை அக்காலத்துக்குப் புதிது. வேலைக்குப் புதிதாக வந்திருந்த ஒரு பெண்ணை வெற்றுத் திரைக்கு முன் அமர்த்தினார். கையில் திருத்தங்கள் குறிக்கப்பட்ட ஒரு தாள். திரையில் இந்தப் பக்கம் தெரிவதாக வைத்துக்கொண்டு, எப்படித் திருத்துவீர்கள் என்று கேட்டார். இந்த இடத்தைச் சுட்டிக்காட்டுவேன், இதை அழிப்பேன், அங்கே இதைத் தட்டுவேன் என்று அவர் இயல்பாகச் சொல்லிக்கொண்டே போனார். கட்டளை நிலையைப் பற்றி அவர் வாயில் ஒரு சொல்லும் வரவில்லை, வர வேண்டிய தேவையும் இல்லை. ஜெராக்ஸுக்குச் சொந்தமான ஜின் என்ற பாடநூல் பதிப்பகத்திலிருந்து வந்த டிம் மாட்டும் டெஸ்லரும் சேர்ந்து, கத்தரிக்கோலும் பசையுமாகப் பக்கங்களைத் தொகுத்துவந்த பதிப்பாசிரியர்களின் வேலையைக் கூர்ந்து பார்த்து ஜிப்ஸி என்ற சொற்செயலியை 1975 வாக்கில் உருவாக்கினார்கள். இன்று கைப்பேசியில் எல்லோரும் பயன்படுத்தும் கட், காப்பி, பேஸ்ட் அங்கே உருப்பெற்றவை. ‘நிலை வேண்டாம்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களைத் தன் காரின் எண்பலகையிலேயே போட்டுக்கொண்டவர் டெஸ்லர்.

பின்னாளில் அவர் பெயரால் வழங்கும் ஒரு விதி உண்டு. எந்த வேலையிலும் ஓரளவு சிக்கல் இருந்தே தீரும். அதை அழிக்க முடியாது, இடம் மாற்ற மட்டுமே முடியும். நிரல் எழுதுகிறவர் ஒரு வாரம் கூடுதலாக உழைத்து அதைத் தாங்குவதா, அல்லது கோடிப் பேர் ஆளுக்கு ஒரு நிமிடம் தினமும் தாங்குவதா என்பதே கேள்வி. அரசும் வங்கிகளும் மென்பொருள் வாங்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. பெரும்பாலும் கேட்கப்படாததும் இதுதான்.

எளிமையாக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று முடிவு கட்டவும் முடியாது. தெராக்-25 என்ற கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரத்தின் கதை அதற்குச் சான்று. கனடாவின் அணுசக்தி நிறுவனம் தயாரித்த இந்த இயந்திரத்தில் சிகிச்சை விவரங்களை முழுவதுமாக மறுபடி தட்ட வேண்டியிருக்கிறது, நேரமாகிறது என்று இயக்குநர்கள் முறையிட்டார்கள். நிறுவனம் இரங்கியது, ரிட்டர்ன் விசையை அழுத்திக்கொண்டே போனால் பழைய விவரங்கள் நிரம்பிவிடும்படி மாற்றித்தந்தது. வேலை விரைவானது. 1986 மார்ச்சில் டெக்சாஸின் டைலர் நகர மருத்துவமனையில், அனுபவம் மிக்க பெண் இயக்குநர் எலெக்ட்ரான் கதிருக்கான ‘ஈ’ எழுத்துக்குப் பதில் எக்ஸ் கதிருக்கான ‘எக்ஸ்’ எழுத்தைத் தட்டிவிட்டார். உடனே உணர்ந்து, மேலே நகர்ந்து திருத்தி, ரிட்டர்னை மளமளவென அழுத்திக் கீழே வந்தார். எல்லாம் எட்டே நொடிகளுக்குள். உள்ளே இருந்த காந்தங்கள் சரியான இடத்துக்கு வர ஏறத்தாழ எட்டு நொடி ஆகும்; அதற்குள் நடந்த திருத்தத்தை மென்பொருள் முழுமையாகக் கண்டுகொள்ளவில்லை. திரை மட்டும் திருத்திய விவரத்தையே காட்டி, இயந்திரம் தயார் என்றது.

கதிரைச் செலுத்தியதும் ‘மல்ஃபங்ஷன் 54’ என்று திரையில் வந்தது. அதன் பொருளை விளங்கும்படி சொல்லும் கையேடு அவரிடம் இல்லை. குறைந்த அளவே செலுத்தப்பட்டதாகத் திரை காட்டியது. இத்தகைய செய்திகள் அன்றாடம் வந்துபோவதால், வழக்கம்போல் தொடர்வதற்கான ‘பி’ விசையை அழுத்தினார். மேசையில் படுத்திருந்தவருக்குப் பரிந்துரைக்கப்பட்டது 180 ராட். உடலில் பாய்ந்ததோ பல்லாயிரம். முதல் அடியிலேயே துடித்து எழ முயன்றவர் மேல் இரண்டாவதும் பாய்ந்தது. அன்று பார்த்து அறைக்குள் இருந்த கேமரா இணைக்கப்படவில்லை, பேச்சுக் கருவியும் பழுது. ஐந்து மாதங்களில் அவர் இறந்துபோனார். 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் அறியப்பட்ட ஆறு விபத்துகளில் இந்த இயந்திரம் அளவுக்கு மீறிய கதிரைப் பாய்ச்சியது. பழைய மாதிரிகளில் தவறான கதிரைத் தடுத்துவந்த வன்பொருள் பூட்டுகள் இதில் நீக்கப்பட்டு, பொறுப்பு மென்பொருளிடம் தரப்பட்டிருந்தது.

‘பி’யை அழுத்திய விரலைக் குற்றம் சொல்வது எளிது. ஆபத்தில்லாத தடங்கலுக்கும் உயிர் போகும் தடங்கலுக்கும் ஒரே வடிவில் செய்தி காட்டி, இரண்டையும் ஒரே விசையால் தாண்ட விட்டது யார் என்று கேட்பதுதான் நேர்மை. 1979இல் த்ரீ மைல் தீவு அணு உலையிலும் இதே சாயல். அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு மூடிக்கொள்ளாமல் நின்றுவிட்டது. கட்டுப்பாட்டு அறை விளக்கோ, வால்வு மூடியிருக்கிறதா என்பதைக் காட்டவில்லை. மூடும்படி கட்டளை போனதை மட்டும் காட்டியது. இயக்குநர்கள் அதை நம்பினார்கள். அந்த விபத்தை ஆராய அழைக்கப்பட்ட உளவியலாளர்களில் ஒருவரான டான் நார்மன், பிற்பாடு கதவு, அடுப்பு, தொலைபேசி என்று அன்றாடப் பொருள்களின் வடிவமைப்பு வரை இந்தச் சிந்தனையைக் கொண்டுபோனார்.

நல்லெண்ணமும் காப்பாற்றுவதில்லை. 2000ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் ஃப்ளோரிடாவின் பாம் பீச் மாவட்டத்தில், முதியவர்கள் படிக்க வசதியாக இருக்கட்டும் என்று வாக்குச்சீட்டின் எழுத்தைப் பெரிதாக்கினார்கள். பெயர்கள் ஒரு பக்கத்தில் அடங்காமல் இரண்டு பக்கங்களுக்குப் பரவின, துளைகள் நடுவில் வந்தன. இடப்பக்கப் பட்டியலில் இரண்டாவது பெயர் அல் கோர். ஆனால் இரண்டாவது துளை வலப்பக்கத்தில் இருந்த பேட் புக்கானனுக்கு உரியது. அந்த மாவட்டத்தில் மட்டும் புக்கானனுக்கு 3,407 வாக்குகள் விழுந்தன. ஒன்றுக்கு மேற்பட்ட துளையிட்டதால் 19,000க்கும் அதிகமான சீட்டுகள் செல்லாமல் போயின. மாநிலத்தில் ஜார்ஜ் புஷ் வென்ற வித்தியாசம் 537.

இந்திய மின்னணு வாக்கு இயந்திரத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வடிவமைப்பின் அருமை தெரியும். 1982இல் கேரளத்தின் பரவூரில் ஐம்பது வாக்குச்சாவடிகளில் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்ட இயந்திரம் இது. பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்த எழுத்தாளர் சுஜாதா இதன் உருவாக்கத்தில் பங்காற்றியவர், மும்பை ஐ.ஐ.டி.யின் தொழில் வடிவமைப்பு மையத்தினரும் இதில் உழைத்தார்கள். அதன் முகப்பில் ஒரு வரிசையில் ஒரே ஒரு வேட்பாளர். பெயர், சின்னம், சிறு விளக்கு, நீலப் பொத்தான் எல்லாம் ஒரே கோட்டில். எந்தப் பெயருக்கு எந்தப் பொத்தான் என்று கண் தேட வேண்டியதில்லை. அழுத்தினால் அந்த வரிசையிலேயே சிவப்பு விளக்கு எரியும். ஒப்புகைச் சீட்டு இயந்திரம் இணைந்த பிறகு, வரிசை எண், பெயர், சின்னம் மூன்றும் அச்சான சீட்டு ஏழு நொடிகள் கண்ணாடிக்குள் நின்று காட்டிவிட்டு விழுகிறது. வாக்கு பதிவானதும் ‘பீப்’ என்று நீண்ட ஒலி. பார்வையற்றோருக்குப் பொத்தான் அருகே பிரெயில் எண்கள். இயந்திரத்தின் நம்பகத்தன்மை பற்றிய அரசியல் வாதங்கள் தனி. படிக்கத் தெரியாத மூதாட்டி யாருடைய உதவியும் இல்லாமல் தான் நினைத்த சின்னத்துக்கு வாக்களித்துவிட்டு வெளியே வர முடிகிறது என்பதில் இந்த வடிவமைப்பு வென்றிருக்கிறது.

தமிழ்99 விசைப்பலகையும் அதே ரகம். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தளக்கோலம் இது. பழைய தட்டச்சில் ‘கொ’ என்று எழுத முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் தட்ட வேண்டும். தமிழ்99இல் க, அடுத்து ஒ. நாக்கு சொல்லும் வரிசை அதுதான். உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்களில் பெரும்பாலானவை வலக்கைக்கு. ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என்ற நான்கு தட்டல்கள் போதும். புள்ளியை மென்பொருளே வைத்துக்கொள்ளும். ‘தங்கம்’ என்பதில் ங-வை அடுத்து க வந்தால் ங-வுக்குத் தானாகப் புள்ளி விழும், ஏனென்றால் தமிழில் அந்த இடத்தில் வேறொன்று வர வாய்ப்பில்லை என்பது இயந்திரத்துக்குச் சொல்லிவைக்கப்பட்டிருக்கிறது. மொழியின் இலக்கணத்தை எழுதுகிறவர் விரலிலிருந்து எடுத்து நிரலுக்குள் வைத்தவர்கள் டெஸ்லர் சொன்ன வேலையைத் தமிழுக்குச் செய்துகாட்டியிருக்கிறார்கள். பள்ளிகளில் இதைச் சில மணி நேரம் சொல்லிக்கொடுத்தால் போதும். அது பரவலாக நடக்காதது பெரும் இழப்பு.

இப்படிச் செய்யத் தெரிந்த நாட்டில்தான் இன்றைய அரசுத் தளங்களும் வங்கிச் செயலிகளும் மக்களை அலைக்கழிக்கின்றன. எட்டுப் பக்கப் படிவத்தை நிரப்பி முடிக்கும் நேரத்தில் ‘செஷன் எக்ஸ்பயர்ட்’ என்று வெளியே தள்ளுவதும், படத்தின் அளவு மீறிவிட்டது என்று சொல்லிவிட்டு எப்படிக் குறைப்பது என்று சொல்லாமல் விடுவதும் எங்கும் காணக் கிடைப்பவை. வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம் என்று அறிவிக்கப்பட்ட சேவைகளுக்கு இ-சேவை மையங்களில் வரிசை நிற்கிறது. அங்கே உட்கார்ந்திருப்பவர் நாளெல்லாம் செய்வது, திரை தாங்கியிருக்க வேண்டிய சிக்கலைத் தன் பழக்கத்தால் தாங்குவதுதான். அதற்கான கட்டணம் விண்ணப்பதாரர் பையிலிருந்து போகிறது.

சிலருக்கு வரிசையில் நின்றும் வழி திறப்பதில்லை. வங்கிக் கணக்கு தொடங்க வாடிக்கையாளர் உயிரோடு இருப்பவர்தான் என்று உறுதிசெய்ய, கேமரா முன் கண் சிமிட்டச் சொல்லும் முறை பரவியது. அமில வீச்சில் கண்கள் சிதைந்தவர் எப்படிச் சிமிட்டுவார்? அப்படிப் பாதிக்கப்பட்ட ஒரு பெண் தொடுத்த வழக்கிலும், பார்வையற்ற ஒருவர் தொடுத்த வழக்கிலும் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது. எண்ம வசதிகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையில் அடங்கும் என்று சொல்லி, இருபது வழிகாட்டுதல்களைப் பிறப்பித்தது. ஒரு திரையின் அமைப்பு அடிப்படை உரிமை வழக்காக உச்ச நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. அந்தச் செயலியை வடிவமைத்த அறையில், இதைப் பயன்படுத்த முடியாதவர் யார் என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும், வழக்கே வந்திருக்காது.

பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும் என்பது வழக்கமான பதில். விமானிக்கும் கதிர்வீச்சு இயக்குநருக்கும் பயிற்சி இருந்தது. அப்படியும் நடந்ததுதான் மேலே சொன்னவை. ஓய்வூதியத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்று தரும் எண்பது வயதுக்காரருக்குப் பயிற்சி என்ற பேச்சே பொருந்தாது. பாதுகாப்புக்காகத்தான் இத்தனை படிகள் என்பது இன்னொரு பதில். சில படிகள் தேவை, மறுப்பதற்கில்லை. ஆனால் எந்தப் படி எந்த மோசடியைத் தடுக்கிறது என்று காட்டாமல் படிகளைக் கூட்டிக்கொண்டே போனால், மக்கள் அவற்றைப் படிக்காமல் தாண்டப் பழகிவிடுவார்கள்.

தமிழக அரசு இதில் முன்கை எடுக்கலாம், செலவும் பெரிதல்ல. பயன்பாட்டுச் சோதனையில் பெயர்பெற்ற யாக்கோப் நீல்சன் 2000ஆம் ஆண்டிலேயே எழுதியது: ஐந்து பேரை உட்காரவைத்துப் பார்த்தாலே ஒரு திரையின் பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும்; திருத்திவிட்டு வேறு ஐந்து பேரை உட்காரவைக்க வேண்டும். ஆகவே மென்பொருள் ஒப்பந்தங்களில் ஒரு பிரிவைச் சேர்க்கட்டும். எந்தத் தளமும் திறப்பு விழா காண்பதற்கு முன், மாவட்டத்துக்கு ஓர் இ-சேவை மையத்தில், அந்தச் சேவைக்கு உண்மையிலேயே விண்ணப்பிக்கப் போகிறவர்கள் ஐந்து பேர் யாருடைய உதவியும் இன்றித் தமிழில் அதை நிரப்பிப் பார்க்க வேண்டும். அவர்களில் ஒருவர் முதியவராகவும் ஒருவர் மாற்றுத்திறனாளியாகவும் இருக்க வேண்டும். நிரல் எழுதியவர் பின்னால் நின்று பேசாமல் பார்க்க வேண்டும். எங்கே தடுமாறினார்கள் என்ற பட்டியல் வெளியிடப்பட்டு, அது திருத்தப்பட்ட பிறகே நிறுவனத்துக்கு இறுதித் தவணையைக் கொடுக்க வேண்டும்.